முன் பிரேக் இடது கையில்: ரூர் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு

ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கென்று கொழும்பிலிருந்து போகிறவர்களுக்குத் திருவிழா முடிந்ததும் இரண்டு மூன்று நாள் மிஞ்சும். உறவினர் வீடு டோர்ட்முண்ட் பக்கம் என்றால் ஆர்.ஈ. 57 ரயிலில் ஏறி விண்டர்பெர்க்கில் இறங்கலாம். அந்த ஊரை ஒட்டித்தான் ரூர் ஆறு 674 மீற்றர் உயரத்தில் ஊற்றெடுக்கிறது. காட்டுச் சரிவுகளுக்கு நடுவே இறங்கி, 219 கிலோமீற்றர் ஓடி, டூயிஸ்பேர்க்கில் ரைன் நதியோடு சேர்கிறது. பள்ளிக்கூடத்தில் நிலக்கரியும் இரும்பும் என்று படித்த அதே ரூர்தான். ஆனால் அதன் தலைப்பகுதியில் ஆலைப் புகை கிடையாது, பீச் மரமும் ஸ்புரூஸ் மரமும்தான்.

ஆற்றோரமாகவே போகும் சைக்கிள் பாதையில் விண்டர்பெர்க்கிலிருந்து மெஷெடே வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மொத்தத்தில் 400 மீற்றர் இறக்கம், நடுநடுவே சின்னச் சின்ன ஏற்றம். களைத்தால் ஓல்ஸ்பேர்க்கிலோ பெஸ்ட்விக்கிலோ ரயில் பிடிக்கலாம். மலைச் சைக்கிளுக்கான பாதைகள் இந்த அடிப்பாதையிலிருந்து பிரிந்து இருபக்கச் சரிவிலும் ஏறி இறங்கும். முதல் நாள் அடிப்பாதையில் ஓடிப் பழகிக்கொண்டு, இரண்டாம் நாள் சரிவில் ஏறுங்கள்.

கொழும்பில் ஏற்றம் என்று சொல்ல நமக்கு மேம்பாலம்தான் இருக்கிறது. அதனால் எல்லோரும் மூச்சைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டலாம், ஒன்றும் குடிமுழுகாது. ஆள் விழுவது இறக்கத்தில்தான், அதற்கு முதல் காரணம் கை.

நம் ஊர்ச் சைக்கிளில் பொதுவாக வலது கைப் பிடி முன் பிரேக், இடது கைப் பிடி பின் பிரேக். ஜேர்மனியில் நேர்மாறு. காரணம் இருக்கிறது: நாம் இடப்பக்கம் போகிறவர்கள், வீதியின் நடுவே திரும்ப வலது கையை நீட்டுவோம். அப்போது முன் பிரேக்கை விட்டு, பின் பிரேக்கைப் பிடித்திருப்பது பாதுகாப்பு. அவர்கள் வலப்பக்கம் போவதால் நீட்டுவது இடது கை. வாடகைச் சைக்கிளில் ஏறி, ஈர இலை கிடக்கும் இறக்கத்தில், பின் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினால் முன் சக்கரம் நின்றுவிடும். ஆள் கைப்பிடிக்கு மேலால் போய் விழுவார்.

இதற்குக் கொழும்பிலேயே மருந்து செய்யலாம். பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னரே உங்கள் சைக்கிளின் பிரேக் வயர்களைக் கை மாற்றிப் பூட்டிக்கொள்ளுங்கள். பிரேக்கில் வயரை இறுக்கியிருக்கும் நட்டைத் தளர்த்தி, வயரை உருவி, மற்றப் பிடியில் கோத்து, மறுபடி இறுக்குவதுதான் வேலை, அரை மணித்தியாலம் போதும். கவனிக்க வேண்டியது வெளிக்குழாயின் நீளம். கைமாற்றியதும் ஏதாவது ஒரு வயர் கட்டையாகிவிடும். கைப்பிடியை முழுக்க ஒரு பக்கம் திருப்பிப் பாருங்கள்: வயர் இழுபட்டுப் பிரேக் தானாகப் பிடித்தால் வெளிக்குழாயையும் உள்வயரையும் புதிதாக வாங்கிப் போடுங்கள், புறக்கோட்டையில் கிடைக்கும். இடது பிடியில் சிவப்பு டேப் சுற்றிவிட்டு, வீட்டில் வேறு யாரும் அந்தச் சைக்கிளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். தம்பி கடைக்குப் பாண் வாங்க எடுத்துப் போய் விழுந்தால் பழி உங்கள் தலையில்தான்.

சைக்கிளைப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோவதைவிட அங்கே வாடகைக்கு எடுப்பது மேல். ஹெல்மெட், கையுறை, பழகிய சப்பாத்து மட்டும் கொண்டுபோங்கள். சொந்த பெடல்தான் வேண்டும் என்றால் அதையும் எடுக்கலாம். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறந்து பலவந்தமாகத் திருகினால் பெடலைப் பூட்டும் கிராங்க் தண்டின் மரை போய்விடும், வைப்புப் பணமும் போய்விடும்.

கடையை விட்டு வெளியே வருமுன் பத்து நிமிடம் செலவழியுங்கள். அங்குள்ள சைக்கிள்கள் பெரிய கைக்குப் பொருத்தி வைத்திருப்பார்கள். ஒற்றை விரலால் பிரேக் பிடி எட்டவில்லை என்றால் பிடியிலுள்ள சின்னத் திருகை அலன் கீயால் திருப்பிக் கிட்டக் கொண்டுவரலாம். அடுத்தது முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், குலுக்கலுக்கு அமுங்கிக் கொடுக்கும் கவை. உங்களுக்கு முன் அதை எடுத்தவர் 95 கிலோ, நீங்கள் 62 கிலோ என்றால் அது உங்களுக்கு மரக்கட்டை. ஃபோர்க் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி, பெடலில் நின்றபடி ஒரு கணம் இருந்து, குலுக்காமல் இறங்குங்கள். 140 மில்லிமீற்றர் வரை அமுங்கும் ஃபோர்க் என்றால் வளையம் 28 முதல் 35 மில்லிமீற்றர் வரை நகர்ந்திருக்க வேண்டும். குறைவாக நகர்ந்திருந்தால் கடைக்காரரிடம் காற்றை இறக்கச் சொல்லுங்கள்.

டயர்க் காற்றில்தான் நம்மவர்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். கட்டைவிரலால் அமத்திப் பார்த்து, கல்லுமாதிரி இருந்தால்தான் திருப்தி. காட்டில் அது சறுக்கும். 65 கிலோ ஆளுக்கு, 2.4 அங்குல டியூப் இல்லாத டயரில் முன்னால் 1.4 பார், பின்னால் 1.6 பார் போதும். நம் பம்ப் கணக்கில் 20, 23 பி.எஸ்.ஐ. டியூப் உள்ளே இருந்தால் 0.3 பார் கூட்டுங்கள். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது டியூப் விளிம்பில் நசுங்கி, பாம்பு கொத்தினதுபோல இரட்டை ஓட்டை விழும்.

இறங்கும்போது சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்காலும் முழங்கையும் மடிந்திருக்கட்டும். பார்வை முன் சக்கரத்தில் அல்ல, பத்து மீற்றர் தள்ளி. பயத்தில் பிரேக்கைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது கெட்ட பழக்கம். பிரேக் டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காமல் சூடேறி, அதை அழுத்திப் பிடிக்கும் பேட் மினுமினுத்துப் போய்க் கீச்சிடும், பிறகு பிடிக்காது. வளைவுக்கு முன் நேர்க்கோட்டில் இருக்கும்போதே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். விரல் மரத்தால் நில்லுங்கள், யாரும் துரத்தவில்லை.

தரை இந்த மலைகளில் பெரும்பாலும் சிலேட் பாறை. காய்ந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும், நனைந்தால் பாசி படிந்த கிணற்றுக்கட்டு. மரவேர்களைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும், வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. பாதையின் கடினத்தை எஸ் 0 முதல் எஸ் 5 வரை குறிப்பார்கள். எஸ் 0 வழுவழுப்பான மண்பாதை. எஸ் 1இல் சின்ன வேர், கல் வரும். எஸ் 2இல் பெரிய கல்லும் படிகளும். முதல் தடவை போகிறவர் எஸ் 1ஐத் தாண்ட வேண்டாம்.

2018இலிருந்து வந்த வறட்சி வருடங்களில் பட்டை வண்டு அரித்து ஸ்புரூஸ் காடுகள் ஏராளமாய் அழிந்தன. அதனால் வரைபடத்தில் காடு என்று போட்ட இடம் வெட்டவெளியாக இருக்கும், நிழலை நம்பாதீர்கள். மரம் வெட்டும் இயந்திரம் போன இடத்தில் முழங்கால் ஆழத் தடம் கிடக்கும். சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தால் அதற்கு அப்பால் போகவே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை என்றாலும்தான். அறுத்து அடுக்கிய மரக்குவியலில் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம், மரம் உருளும்.

ரூர் ஓடும் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் காட்டில் வீதிகளிலும் உறுதியான பாதைகளிலும் மட்டுமே சைக்கிள் ஓட்டலாம். நடப்பவருக்குத்தான் முதலிடம், மணி அடித்து வேகத்தைக் குறையுங்கள். தெற்கே பாடன் வூர்ட்டம்பேர்க்குப் போனால் சட்டம் வேறு: 2 மீற்றருக்கு அகலம் குறைந்த காட்டுப்பாதையில், சைக்கிளுக்கென்று விசேடமாகத் திறந்துவிட்டிருந்தால் ஒழிய, ஓட்டக் கூடாது.

ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கட் எடுக்க வேண்டும். டொய்ச்லாண்ட் டிக்கட் என்ற மாதச் சீட்டு கையில் இருந்தாலும் அது ஆளுக்குத்தான். பெஸ்ட்விக்கில் இரண்டாகப் பிரியும் வண்டிகள் உண்டு என்பதால் பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை சுப்பர் மார்க்கெட் பூட்டு. சனிக்கிழமையே பாணும் வாழைப்பழமும் வாங்கி வையுங்கள். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர் வேண்டும், ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள்.

விழுந்து அடிபட்டால் அவசரத் தொலைபேசி இலக்கம் 112. காட்டில் ஆங்காங்கே பச்சைப் பலகையில் வெள்ளைச் சிலுவையும் ஒரு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தைச் சொன்னால் அம்புலன்ஸுக்கு இடம் தெரியும். போகிற வழியில் கண்ட பலகைகளைப் படம் எடுத்து வைத்தால் உதவும். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்புறுதியில் மலைச் சைக்கிள் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கொழும்பிலேயே வாசித்துப் பாருங்கள்.

சிங்கராஜவில் அட்டைக்குப் பழகிய நாம் உண்ணியை அலட்சியம் செய்வோம். அட்டை கடித்தால் இரத்தம் வழிந்து காட்டிக்கொடுக்கும். உண்ணி எள்ளளவு, வலியே தெரியாது, லைம் என்ற பாக்டீரியாத் தொற்று நோயைக் கொண்டுவரக்கூடியது. அன்று மாலையே குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் தடவிப் பாருங்கள். இருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, நெருப்புக்குச்சி வைப்பது எதுவும் வேண்டாம். கடித்த இடத்தைச் சில வாரம் கவனியுங்கள். சிவப்பு வட்டமாகப் பரவினால் வைத்தியரிடம் ஜேர்மனிப் பயணத்தைச் சொல்லிக் காட்டுங்கள், இங்கே அது அவர் மனதில் முதலில் வராது.

கொழும்பு திரும்பியதும் பிரேக் வயர்களைப் பழையபடி மாற்றி, வீட்டு முற்றத்தில் நாலு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காலி வீதியில் இறங்குங்கள்.