வில்வேட்டைக்குக் கில்லி உடை: இழையை எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது

கில்லி உடை என்பது சணல் இழைகளையோ இலை வடிவத் துணித் துண்டுகளையோ மேலே தொங்கவிட்டு, அணிபவரின் உருவத்தைப் புல்லோடும் புதரோடும் கலந்துவிடச் செய்யும் மறைப்புடை. அதை அணிந்து துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருப்பவர் விரலை மட்டும் அசைத்தால் போதும். வில்லாளியின் நிலை வேறு. 20, 25 மீட்டருக்குள் விலங்கை வரவிட்டு, அதன் கண்முன்னே கையைத் தூக்கி, தோளை விரித்து, நாணைத் தாடை வரை இழுக்க வேண்டும். அந்த நாண் திரும்பி ஓடும் பாதையில் ஒரு கொத்துச் சணல் இழை தொங்கினால் போதும், அம்பு தடம் மாறிவிடும். சாகாத காயத்தோடு விலங்கு காட்டுக்குள் ஓடி மறைவதைவிடக் கெட்ட முடிவு வேட்டையில் வேறு இல்லை. ஆகவே கடையில் வாங்கிய கில்லி உடையை அப்படியே மாட்டிக்கொண்டு வில்லோடு கிளம்பக் கூடாது. அதை வில்லுக்கு ஏற்றபடி வெட்டித் திருத்திய பிறகே அணிய வேண்டும்.

இந்த உடை ஸ்காட்லாந்து மலைநாட்டு வேட்டைக்காவலர்களிடமிருந்து வந்தது. 1900இல் போயர் போருக்காக லோவாட் பிரபு திரட்டிய லோவாட் ஸ்கவுட்ஸ் வழியாக ராணுவத்துக்குள் நுழைந்து, குறிபார்த்துச் சுடும் வீரர்களின் உடையானது. கனத்த முதுகு, முகத்துக்கு முன்னால் தொங்கும் இழை எல்லாம் படுத்துக் கிடப்பவருக்காக அமைந்தவை. உட்கார்ந்தோ மண்டியிட்டோ எய்பவருக்கு அதில் பாதி இடைஞ்சல்.

எதை வாங்குவது

முதல்முறை அணிபவருக்கு இலைவெட்டு உடையே நல்லது. வலைத்துணியின் மேல் இலை வடிவத்தில் வெட்டிய துணித் துண்டுகளைத் தைத்திருப்பார்கள். எடை குறைவு, காற்றோட்டம் உண்டு, நாணில் சிக்கும் நீள இழை இல்லை. அடர்ந்த புதரிலும் நிழலிலும் இதுவே தாராளம். புல்வெளி, அறுவடை முடிந்த வயல், தனிப்புதர் போன்ற திறந்த இடங்களில்தான் முழு இழை உடை தன் வேலையைக் காட்டும்.

முழு இழை உடை உலர்ந்த நிலையிலேயே இரண்டு மூன்று கிலோ இருக்கும். சணல் என்றால் மழையில் நீரை உறிஞ்சித் தோளை அழுத்தும். செயற்கை இழை நீரை உறிஞ்சாது. ஆனால் மலிவானவை வெயிலில் மினுங்கும். வாங்கியதும் வெயிலில் விரித்து 20 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். மினுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாயம் போட்டாலும் அந்தப் பளபளப்பு போகாது. போர்வைபோல் தொங்கும் மேலங்கி வகை வில்லுக்கு ஒத்துவராது. கையைத் தூக்கும்போது துணி முழுவதும் கூடவே எழுந்து நாணுக்குக் குறுக்கே வந்துவிடும்.

நீங்களே கட்டுவதானால்

உங்கள் அளவைவிட ஓர் அளவு பெரிய, மங்கிய நிறச் சட்டையும் கால்சட்டையும் எடுங்கள். உள்ளே குளிருடை போட்டுக்கொண்டு வில்லை முழுதாக இழுத்துப் பாருங்கள். முதுகு இறுகினால் அந்தச் சட்டை ஆகாது. 3 முதல் 5 செ.மீ. கண்ணுள்ள வலையை முதுகு, தோள்பட்டையின் வெளிப்புறம், தொப்பியின் பின்புறம், கால்சட்டையின் பின்புறம் ஆகிய இடங்களில் வைத்துத் தையுங்கள். வலையின் ஓரத்தை மட்டும் தைத்தால் முள்ளில் மாட்டிக் கிழியும். நடுவிலும் ஒரு சாணுக்கு ஒரு தையல் போடுங்கள்.

சணல் சாக்கை வெட்டி இழையாகப் பிரித்துச் சாயம் ஏற்றுங்கள். ஆறேழு இழைகளை ஒன்றாகப் பிடித்து நடுவில் மடித்து, மடிப்பை வலைக்கண்ணுக்குள் நுழைத்து, இரு முனைகளையும் அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் முடிச்சு விழும். கட்டிய பிறகு தொங்கும் நீளம் முதுகில் 30 முதல் 40 செ.மீ., தோளில் 15 முதல் 20 செ.மீ. போதும். கீழிருந்து மேலாகக் கட்டிக்கொண்டு போனால் மேல்வரிசை கீழ்வரிசையின் முடிச்சை மறைக்கும். பலர் வலைக்கண் ஒன்றுவிடாமல் நிரப்பிவிடுகிறார்கள். அது வைக்கோற்போர்போல் ஒரே திரளாகத் தெரியும். இடையிடையே கண்களை விட்டால்தான் நிழல் விழுந்து உருவம் உடையும்.

நிறம் மூன்று அல்லது நான்கு போதும். நீங்கள் உட்காரப் போகும் இடத்தில், உட்கார்ந்த உயரத்தில் என்ன நிறம் அதிகம் என்று பார்த்து அதில் பாதியை ஒதுக்குங்கள். பெரும்பாலும் அது காய்ந்த புல்லின் பழுப்பாகத்தான் இருக்கும். பச்சையை அள்ளிப் போடுவது எல்லாரும் செய்யும் தவறு.

நாண் ஓடும் பாதை

இங்கே வலக்கைக்காரருக்குச் சொல்கிறோம். இடக்கைக்காரர் பக்கத்தை மாற்றிக்கொள்ளவும்.

வில்லைப் பிடிக்கும் இடக்கையில், மணிக்கட்டிலிருந்து தோள் வரை உட்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழையே இருக்கக் கூடாது. வெளிப்பக்கத்தில் விடுவதும் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். சட்டைக் கையே தொளதொளவென்று இருந்தால் அதன்மேல் கைக்காப்பைக் கட்டி இறுக்குங்கள். அடுத்தது இட மார்பு. கழுத்தெலும்பு முதல் கீழ்விலா வரை வெறும் துணியாக, இறுக்கமாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் உள்ளே இரண்டு மூன்று அடுக்கு போடும்போது மார்பு பருத்து நாணைத் தொடும். கோடையில் பார்த்த அளவை நம்ப வேண்டாம்.

ரிலீஸ் கருவி (விரலுக்குப் பதிலாக நாணைக் கொக்கியால் பிடித்து விடுவிப்பது) பயன்படுத்துபவர் வலக்கையில் மணிக்கட்டுக்கு மேல் 10 செ.மீ. வரை இழையை வெட்டிவிட வேண்டும். அதன் கொக்கியில் நாணோடு சேர்ந்து ஒரு இழை மாட்டினால் விடுபடுவது சீராக இருக்காது. பலரும் மறக்கும் இடம் தொடை. உட்கார்ந்து எய்யும்போது, முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லின் கீழ்ச் சக்கரம் முழங்கால்களுக்கு அருகில் சுழல்கிறது. அங்கே இழை புகுந்தால் நாண் பள்ளத்தை விட்டுக் கழன்று வில்லும் உடையலாம், எய்பவருக்கும் அடிபடலாம். தொடையின் முன்பக்கமும் உட்பக்கமும் வெறுமையாகவே இருக்கட்டும். ரீகர்வ் வில்லிலும் (முனைகள் முன்னோக்கி வளைந்தது) நெடுவில்லிலும் சக்கரம் கிடையாது. ஆனால் நாண் முன்கையை இன்னும் ஒட்டியே ஓடும் என்பதால் கைப்பகுதியில் கூடுதல் கண்டிப்பு தேவை.

வெட்டியது போதுமா என்று அறிய ஒரு சோதனை: உடையை முழுதாக அணிந்து, இடக்கைச் சட்டையிலும் மார்பிலும் பவுடரைத் தூவி, நிற்கும் நிலை, உட்கார்ந்த நிலை, மண்டியிட்ட நிலை மூன்றிலும் இலக்குப் பலகையில் அம்பு எய்யுங்கள். பவுடரில் கோடு விழுந்திருந்தால் நாண் அங்கே உரசுகிறது. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுச் சோதிக்கவே கூடாது, வில் நொறுங்கலாம். சோதனை முடிந்ததும் பவுடர் மணம் போக உடையை அலசிவிடுங்கள்.

வில்லிலும் இழை சுற்றுவோர் உண்டு. கைப்பிடிப் பகுதியில் மங்கிய துணிநாடா சுற்றினால் போதும். நாண், சக்கரம், அம்பு தாங்கி ஆகிய மூன்றின் பக்கமே எதுவும் போகக் கூடாது. அம்பின் வெள்ளைச் சிறகும், நாணில் மாட்டும் பின்முனையான குதை பளிச்சென்றும் அம்பறாத்தூணியில் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் கட்டிய அத்தனை இழையும் வீண். தூணிக்கு ஒரு மூடி போடுங்கள்.

முகம்

தலைமூடியின் நெற்றியில் தொங்கும் இழையைப் புருவத்துக்கு மேலேயே நிறுத்துங்கள். நாண் வந்து நிற்கும் வலக் கன்னத்தில் இழை கூடாது. தடித்த முகத்துணியும் கூடாது; அவை நாணைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். 70 செ.மீ. அம்பின் பின்முனை பக்கவாட்டில் 3 மி.மீ. விலகினால் 20 மீட்டரில் அது 8 செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். முகத்துணி அணிந்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய வலைத்துணியாக எடுத்து, வாரக்கணக்கில் அதோடே பயிற்சி செய்யுங்கள். முகச்சாயம் இன்னும் மேல். நெற்றி, மூக்கு, கன்னமேடு போன்ற எடுப்பான இடங்களில் கருமையும், கண்குழியில் இளநிறமும் பூசினால் முகத்தின் வடிவம் கலையும். கைகளை மறந்துவிட வேண்டாம். முதலில் அசைவது அவைதான்.

விலங்கு எதைப் பார்க்கிறது

மானின் கண்ணில் நிறமறியும் கூம்புகள் இரண்டு வகைதான். ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கலாகப் படும். நீலமும் அதையடுத்த புற ஊதாவும் நம்மைவிட நன்றாகத் தெரியும். வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைத்த உடை அந்த ஒளியில் பளிச்சிடும் என்பதால் அந்தத் தூளைத் தொடவே வேண்டாம். மணமும் வெண்மையூக்கியும் இல்லாத சோப்பே சரி. வான்கோழிக்கு நிறம் துல்லியமாகத் தெரியும். அதற்கு நிறப்பொருத்தம் முக்கியம். வான்கோழிச் சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் உங்கள் மேல் எங்கும் தெரியக் கூடாது. வேறொரு வேட்டைக்காரர் உங்களையே குறிபார்க்கும் ஆபத்து அதில் உண்டு.

உடை உருவத்தை மறைக்கும், மணத்தை மறைக்காது. புதுச் சணலுக்கும் சாயத்துக்கும் தனி நெடி உண்டு. இரண்டு வாரமாவது வெளியில் நிழலில் தொங்கவிடுங்கள். காற்று உங்களிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால் இடத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

களத்தில்

உடையை மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பையில் கொண்டுபோய் இடத்தில் அணியுங்கள். நடையிலேயே வியர்த்துவிட்டால் மணமும் கூடும், பிறகு உட்காரும்போது குளிரும். வெயில் நாட்களில் இந்த உடைக்குள் உடல் சூடேறுவது ஆபத்தான அளவுக்குப் போகும். தலை சுற்றினாலோ வியர்வை நின்றாலோ உடனே கழற்றி, நிழலில் தண்ணீர் குடித்து, உடலைக் குளிர்வியுங்கள்.

புதருக்குப் பின்னால் ஒளிய வேண்டாம்; அதன் முன்னால், அதன் நிழலுக்குள் உட்காருங்கள். பின்னால் இருந்தால் எய்வதற்கு இலைகள் தடுக்கும். முன்னால் இருந்தால் உங்கள் உருவம் பின்புலத்தில் கரையும். வில்லின் கீழ்முனை தரையில் இடிக்காத உயரத்தில் சிறு முக்காலி நல்லது. காலால் சருகை ஒதுக்கி மண் தெரியச் செய்யுங்கள். அந்த இடத்துச் செடி, புல் சிலவற்றைத் தோளிலும் தலையிலும் செருகலாம். வெட்டிய இலை சில மணி நேரத்தில் வாடி நிறம் மாறும்; காலையில் செருகியது மாலைக்கு ஆகாது.

நாண் இழுக்க வேண்டிய நேரம் விலங்கின் கண் மரத்துக்குப் பின்னால் மறையும்போது, அல்லது அது தலையை அப்பால் திருப்பும்போது. நேராக உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல உடையானாலும் அசையாதீர்கள்.

மரமேடையில் இழை உடை வேண்டாம். ஏறும் கம்பியில் மாட்டும், பாதுகாப்பு வாரின் கொக்கியை மறைக்கும். அங்கே இலைவெட்டு உடை போதும்.

தீயும் பிற மனிதரும்

சணல் உடை நொடியில் பற்றும். புகைப்பது, அடுப்பு மூட்டுவது எல்லாம் உடையைக் கழற்றிய பிறகே. 2 லிட்டர் வெந்நீரில் 200 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 85 கிராம் போரிக் அமிலமும் கரைத்து அதில் இழையை நனைத்து உலர்த்தினால் பற்றுவது தாமதப்படும். மழையிலும் சலவையிலும் கரைந்து போகும், அதன்பின் மறுபடி நனைக்க வேண்டும்.

பல இடங்களில் துப்பாக்கிப் பருவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயம். அந்த நாட்களில் கில்லி உடையே சட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். உரிமம் எடுக்கும்போதே அந்தப் பகுதியின் விதியைப் படியுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் போகும்போதும் திரும்பும்போதும் ஆரஞ்சுத் தொப்பி அணியுங்கள். அம்பு பட்ட பிறகு தடம் தேடப் புறப்படும் முன் உடையைக் கழற்றிப் பையில் வையுங்கள். தவழ்ந்து தேடுபவரை இன்னொருவர் விலங்கென்று எண்ணிவிட இடம் தரக் கூடாது.

வீடு திரும்பியதும் முள்ளையும் விதையையும் பொறுக்கி, உண்ணி இருக்கிறதா என்று இழைகளுக்கிடையில் பார்த்து, நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் அடைத்தால் சணலில் பூஞ்சை பிடிக்கும். அந்த நாற்றம் துவைத்தாலும் எளிதில் போகாது. அடுத்த பருவம் தொடங்கும் முன் பவுடர் சோதனையை மறுபடி செய்யுங்கள். முடிச்சுகள் தளர்ந்து இழைகள் இடம் மாறியிருக்கும்.