ஆல்பர்ட் அய்லர்: புதிதாகக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் இசைக் கலைஞர் ஆல்பர்ட் அய்லரின் டெனர் சாக்ஸபோனை முதல்முறை கேட்கிற பலர், "வாசிக்கத் தெரியாமல் கத்துகிறார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. 1936-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்த அவர், அப்பாவிடம் சாக்ஸபோன் கற்றவர். பதின்ம வயதிலேயே ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டரின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். 'பேர்ட்' என்று அழைக்கப்பட்ட ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் பாணி கைவந்திருந்ததால் ஊரில் 'லிட்டில் பேர்ட்' என்றே பெயர். பிறகு ராணுவ பேண்ட். எல்லாம் தெரிந்துதான் அந்தச் சத்தத்துக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த தவறு, மெட்டைக் கவனிக்காமல் விடுவது. அவருடைய 'கோஸ்ட்ஸ்' மெட்டு ஒரு குழந்தைப் பாட்டைப்போல எளியது. அது வாயில் முணுமுணுக்க வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். அப்புறம் அவர் அதை எப்படி இழுக்கிறார், கிழிக்கிறார், நடுங்கவைக்கிறார் என்பது தானாகப் புலப்படும். சந்தேகம் இருந்தால் 1964 பிப்ரவரி 24 அன்று நியூயார்க்கில் பதிவான ஆன்மிகப் பாடல்களை (கறுப்பின அமெரிக்கர்களின் 'ஸ்பிரிச்சுவல்' மரபு) அவர் வாசித்ததைக் கேளுங்கள். 'கோயிங் ஹோம்', 'டீப் ரிவர்' போன்றவற்றைக் கிட்டத்தட்ட அப்படியே வாசிக்கிறார். அவர் இறந்த பிறகே வெளிவந்த பதிவு அது. எனக்கு அய்லரின் கதவு திறந்தது அங்கேதான்.

'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' இசைத்தட்டில் தொடங்குங்கள். அதுவும் 1964-ல்தான், ஜூலை 10 அன்று பதிவானது. முழுதாக அரை மணி நேரம்கூட இல்லை. 'கோஸ்ட்ஸ்' இதில் இரண்டு விதமாக வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆனால் தாளம் போட முயலாதீர்கள். சன்னி மர்ரி டிரம்ஸில் எண்ணிக்கை வைப்பதில்லை, சிம்பலை ஓயாமல் அதிரவிடுகிறார். கேரி பீகாக்கின் பாஸும் பின்னணி அல்ல. மூவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே மெல்லிய ஒலியில் கேட்டால் இதெல்லாம் இரைச்சலாகத்தான் விழும்.

இசைத்தட்டின் பெயரை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம். டிரம்பெட் கலைஞர் டான் செர்ரியோடு கோபன்ஹேகனில் பதிவான 'வைப்ரேஷன்ஸ்' தொகுப்பே 'கோஸ்ட்ஸ்' என்ற பெயரிலும் விற்றது. பதிவான தேதியைப் பாருங்கள். பாட்டும் ராக் தாளமும் கலந்த 'நியூ கிராஸ்' (1968) பிறகு போதும்.

1970 நவம்பர் 25 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் ஆற்றில் அய்லரின் உடல் மிதந்தது. வயது 34. ஜூக்பாக்ஸில் (காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி) கட்டி ஆற்றில் போட்டார்கள் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை, தயவுசெய்து பரப்பாதீர்கள்.

ஒலித்தரம் மோசம் என்று நேரடிப் பதிவுகளைத் தள்ளிவிடுவதும் இழப்புதான். 1967 ஜூலை 21, ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கு. தேவாலயத்தில் அய்லர் குழு சில நிமிடங்கள் வாசித்தது. நடுவில் இருமுறை அவர் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தன் குரலிலேயே அலறினார். மங்கலான பதிவுதான். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.