பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? பெயிண்ட் கடைக்குக் கடைசியாகப் போங்கள்

வீட்டு வேலை என்றதும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது கலர் கார்டைத்தான். அதைக் கொஞ்ச நாள் பீரோவில் பூட்டி வையுங்கள். ஒழுகலும் ஈரமும் முதலில், தடுப்புச் சுவரும் அதற்குள் ஓடும் வயரும் அடுத்து, வர்ணம் கடைசி. இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே உடைத்து மறுபடி செய்ய வேண்டிவரும், காசும் இரட்டிப்பாகும்.

நாங்கள் இருப்பது பெங்களூர் அல்சூரில், தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், கீழே சிவப்பு ஆக்சைடு தரை, தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். தம்பி குடும்பம் எங்களோடு வந்து தங்குவதற்காக மாடி ஹாலை இரண்டாகத் தடுத்தோம், வீடு முழுக்க வர்ணமும் அடித்தோம். அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பக்கம் இந்த மாதிரி வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை இடிக்காமல் காப்பாற்ற நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். அந்த மாதங்களில் ஒழுகும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக் குறித்து, தேதியும் எழுதுங்கள். மழை நின்றதும் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர் எங்கே தேங்குகிறது, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒழுகல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். மேல்நிலைத் தொட்டியின் குழாய் இணைப்பையும் தடவிப் பாருங்கள். டிசம்பருக்குள் இதையெல்லாம் சரிசெய்துவிட்டால், காற்று வறண்டிருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் நிம்மதியாக வர்ணம் அடிக்கலாம்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். சுவரைத் தொட்டிருந்த பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது காற்றிலுள்ள ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். எங்கள் பெயிண்டர், “அக்கா, நேரா பட்டி வச்சிடலாம், ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்” என்றார். “இல்லப்பா, காயட்டும். கூலி நாள் கணக்கு நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிக் காத்திருந்தோம். ஈரச் சுவரில் வைத்த பட்டி (வர்ணத்துக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) அடுத்த மழைக்கே உப்புப் பூத்து உதிர்ந்துவிடும்.

சுண்ணாம்புச் சுவர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமென்ட் வைத்து அடைக்க மேஸ்திரிகள் அவசரப்படுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அவ்வளவு விடாது. அடைபட்ட ஈரம் பக்கவாட்டிலும் மேலேயும் ஏறி, நன்றாக இருந்த பூச்சையும் தள்ளிவிடும். சுண்ணாம்பையே வைத்து ஒட்டச் சொல்லுங்கள். தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் தேடுங்கள். தரையிலிருந்து ஓதம் ஏறும் கீழ்ச் சுவர்களுக்கு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்) வேண்டாம். நிறம் கலந்த சுண்ணாம்பே அடியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு முன் அடித்தால் போயிற்று.

இனி தடுப்புச் சுவர். மாடியில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பலாம் என்று யாராவது சொன்னால், கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் பூசினால் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோவாவது வரும். 12 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் இரண்டரை டன்னுக்கு மேல். அதை மர உத்தரத்தின் மேல் ஏற்றக் கூடாது. அதே அளவுக்கு ஜிப்சம் போர்டுத் தடுப்பு (இரும்புச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடிப்பது) சுமார் 300 கிலோதான். இருக்கிற சுவரை உடைப்பதாக இருந்தால், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் சம்மட்டியை எடுக்க விடாதீர்கள். இந்த வீடுகளில் தூண் கிடையாது, சுவர்தான் மாடியைத் தாங்குகிறது.

ஜிப்சம் வேலையில் நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டியவை உண்டு. தரையிலும் கூரையிலும் ஜி.ஐ. சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) அடித்து, நடுவில் 2 அடிக்கு ஒன்றாக நெட்டுக்குத்தான சட்டம் நிறுத்துவார்கள். செலவைக் குறைக்க இந்த இடைவெளியைக் கூட்டினால் பலகை பிற்பாடு அதிரும், டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். மரச்சட்டம் வேண்டாம், நம் ஊர்க் கரையானுக்கு அது விருந்து. பலகை 12.5 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். தரையைத் தொடாமல் சுமார் ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் துடைக்கிற தண்ணீரை உறிஞ்சி அடிப்பக்கம் ஊதிவிடும். குளியலறைச் சுவர் என்றால் ஈரம் தாங்கும் பச்சைப் பலகை.

ஒரு பக்கம் பலகை அடித்ததும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் குழாயும் வயரும் போடுவது அப்போதுதான். டிவி, புத்தக அலமாரி, துணி மாட்டும் கொக்கி வரும் இடத்தில் சட்டங்களுக்கு நடுவே பிளைவுட் வைப்பதும் அப்போதுதான். வெறும் ஜிப்சத்தில் பாரம் நிற்காது. சத்தம் குறைய ராக் வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) திணிப்பதாக இருந்தால் அதுவும் இந்த நேரத்தில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. எல்லாம் முடிந்ததும் அளவு டேப்பைச் சட்டத்தோடு பிடித்து, செல்போனில் படம் எடுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது எந்த இடத்தில் வயர், எந்த இடத்தில் பிளைவுட் என்று அந்தப் படம்தான் சொல்லும். பிறகு மறுபக்கம் மூடலாம். பலகை சேரும் இடங்களில் டேப் ஒட்டி, ஜாயின்டிங் கலவை பூசி, ஒவ்வொரு கையும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த கை, கடைசியில் உப்புத்தாள். அவசரப்பட்டால் இணைப்புக் கோடு விரிசலாகத் தெரியும்.

பழைய ஜன்னல், கதவு விஷயத்தில் தயவுசெய்து கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் (மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்ட்) ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்த நாட்களில் வேறு வீட்டில் விடுங்கள், குப்பையை ஈரத்துணியால் துடைத்து அள்ளுங்கள்.

இப்போது பீரோவைத் திறந்து கலர் கார்டை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் பல்பை முடிவு செய்யுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்த வர்ணம் வெள்ளை எல்.இ.டி.யில் வேறாகத் தெரியும். சிவப்புத் தரை உள்ள வீட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. காலை வெயில் தரையில் பட்டு எழும்போது சுவரின் அடிப்பாதி முழுக்கச் செம்மை ஏறும். சுத்த வெள்ளை அங்கே ரோஜா நிறமாகிவிடும், சாம்பல் நிறம் அழுக்காகத் தெரியும். எங்கள் ஹாலுக்கு இளமஞ்சள் கலந்த கிரீம்தான் பொருந்தியது, தரையின் சிவப்பும் எடுப்பாக நின்றது. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த இருட்டு அறைகளுக்கும் வெளிர் நிறம்தான் நல்லது.

கார்டில் உள்ள சின்னக் கட்டத்தை நம்பாதீர்கள். சுவர் முழுக்க ஏறும்போது நிறம் அழுத்தமாகத் தெரியும், மனதுக்குப் பிடித்ததிலிருந்து ஒரு படி வெளிறியதை எடுங்கள். மாதிரி டப்பா வாங்கி, மிச்சமான ஜிப்சம் துண்டில் இரண்டு கை அடித்து, காலையில் ஒரு சுவரிலும் மாலையில் எதிர்ச் சுவரிலும் ராத்திரி விளக்கடியிலும் சாய்த்துப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும், முக்கியமாக அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர். எங்கள் வீட்டில் அம்மா சொன்னதுதான் முடிவு.

பூஜை அலமாரிக்கு மேலேயும் அடுப்புக்குப் பக்கத்திலும் கழுவக்கூடிய எமல்ஷன் வேண்டும், மற்றதில் எண்ணெய்ப் புகைக் கறை துடைத்தாலும் எளிதில் போகாது. கூரைக்குப் பளபளப்பில்லாத வெள்ளை. ஜன்னல் கம்பிக்குத் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் (துருப் பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் எனாமல். நிறம் கலக்கும் பெயிண்டை ஒரே தடவையில் மொத்தமாக வாங்குங்கள், அடுத்த முறை கலக்கும்போது லேசாக மாறலாம். டப்பாவில் ஒட்டிய ஷேட் எண்ணைப் படம் எடுத்து வைத்து, அரை லிட்டர் மிச்சம் பிடியுங்கள். அடித்து முடித்த சுவரை ஒரு மாதம் வரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை பட்டால் காய்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.