அலுமினிய பிரேக் ட்ரம் வார்க்குறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுமினியத்துல ட்ரம் போட்டா எடை குறையும், சூடும் சீக்கிரம் இறங்கும், அவ்ளோதானேன்னு சொல்றவங்க நிறைய. எடை விஷயம் உண்மைதான், வார்ப்பிரும்போட அடர்த்தி 7.2ன்னா அலுமினியம் 2.7 தான். ஆனா ஷூ (பிரேக் அமுக்கும்போது ட்ரம்மோட உள்சுவரை அழுத்திப் பிடிக்கிற வளைஞ்ச துண்டு) நேரா அலுமினியத்துல உரசுற மாதிரி மட்டும் டிசைன் பண்ணிடாதீங்க, சீக்கிரமே கீறல் விழுந்து தேஞ்சுடும். உள்ள இரும்பு லைனர் வெச்சு அதைச் சுத்தி அலுமினியம் ஊத்துறதுதான் வழக்கம், 1958 ப்யூக் முன்சக்கர ட்ரம், போர்ஷே 356 எல்லாம் அந்த ரகம், இப்பவும் ட்ரம் பிரேக் பைக்கோட வீலைக் கழட்டினா ஹப்புக்குள்ள அந்த இரும்பு வளையத்தைப் பாக்கலாம்.

லைனர் வெச்சாச்சு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு. அலுமினியம் சூட்டுல இரும்பைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், ரெண்டும் சரியா ஒட்டலன்னா நல்லா சூடானதும் நடுவுல மயிரிழை இடைவெளி விழும், அந்த இடைவெளியைத் தாண்டி சூடு வெளிய வராது, லைனர் மட்டும் கொதிச்சு வெடிப்பு விடும், பிரேக் பிடிக்காது. வேடிக்கை என்னன்னா அப்போ வெளிப்பக்க ஃபின் (சூட்டைக் காத்துல விடுற தகடு மாதிரி விளிம்பு) ஜில்லுனு இருக்கும், அதைத் தொட்டுப் பாத்துட்டு டிசைன் சூப்பர்னு சந்தோஷப்படுவாங்க! டெம்பரேச்சரை லைனர்லயும் சேத்து எடுங்க.

ஒட்ட வைக்க ரெண்டு வழி இருக்கு. லைனர் வெளிப்பக்கத்தை முள்ளு முள்ளா, இல்ல காடி போட்டு வார்க்குறது ஒண்ணு. இன்னொண்ணு அல்-ஃபின் முறை, லைனரை முதல்ல உருகுன அலுமினியத்துல முக்கி, மேல ஒரு இரும்பு-அலுமினியப் படலம் உருவானதும் ஆற விடாம அச்சுல வெச்சு ஊத்திடணும். துரு, எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் ஒட்டாது, நல்லா ஒட்டட்டுமேன்னு ரொம்ப நேரம் ஊற விட்டாலும் அந்தப் படலம் தடிச்சு நொறுங்குற மாதிரி ஆயிடும். முக்காம நேரா வைக்கிறதா இருந்தா லைனரை சூடு பண்ணிட்டு வைங்க, ஈரத்தோட ஜில்லுனு வெச்சா ப்ளோ ஹோல்தான் (ஆவி சிக்கி விழுற ஓட்டை) மிஞ்சும். ஒட்டியிருக்கான்னு அல்ட்ராசோனிக்ல (ஒலி அலை அனுப்பிப் பாக்குற சோதனை) பாருங்க, சூடு பண்ணி ஆற வெச்சு பல தடவை ஓட்டுனப்புறம் ஒண்ணு ரெண்டை வெட்டியும் பாத்துடுங்க.

அப்புறம் பழைய இரும்பு ட்ரம் டிராயிங்கை அப்படியே காப்பி அடிக்கிறது. அலுமினியத்துக்கு விறைப்பு கம்மி, அதே தடிமன்ல வார்த்தா பிரேக் அமுக்கும்போது வாய்ப்பக்கம் விரிஞ்சுக்கும். அதே கன அளவுல அது வாங்கி வெச்சுக்குற சூடும் இரும்புல முக்கால் பங்குதான், அதனால மலை இறக்கத்துல காத்து படுற ஃபின்னுங்கதான் காப்பாத்தணும், சக்கரத்தோட நடுத்தகட்டுல ஓட்டை இல்லாம அதை மூடி வெச்சா என்ன பிரயோஜனம்? இன்னொரு கணக்கு: 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள ட்ரம் 200 டிகிரி ஏறுனா வெறும் இரும்பு அரை மில்லிமீட்டர் விரியும், வெறும் அலுமினியம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல, லைனரோட ஒட்டுனது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கும். அதுல பாதி தூரம் ஒவ்வொரு ஷூவும் கூடுதலா நகரணும், பெடல் கீழ போகும், மாஸ்டர் சிலிண்டரை (பெடல் அமுக்குனா பிரேக் ஆயிலைத் தள்ளுற பாகம்) அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்கோங்க.

லைனரே வேணாம்னா சிலிக்கான் கார்பைடுங்கிற ரொம்பக் கெட்டியான துகள் கலந்த அலுமினியம் இருக்கு, ஜிஎம் இவி1 மின்சாரக் காரோட பின்சக்கர ட்ரம் அந்த வகை. ஆனா சாதாரண டூலை வெச்சு கடைய ஆரம்பிச்சா முனை உடனே மழுங்கிடும், வைர டூல்தான் வேணும், அந்தச் செலவையும் சேத்து கணக்கு போட்டுட்டு இறங்குங்க.