மீட்சி மோதல் கணக்குக்கு ஒரு வரிச் சூத்திரம்

இயக்க ஆற்றல் கொஞ்சமும் வீணாகாத மோதல்தான் மீட்சி மோதல். மோதும் இரண்டு பொருள்களின் மொத்த உந்தத்தை (உந்தம் என்பது நிறை × திசைவேகம்) மொத்த நிறையால் வகுங்கள். கிடைப்பது நிறை மையத்தின் திசைவேகம். அதை இரண்டால் பெருக்கி, ஒரு பொருளின் பழைய திசைவேகத்தைக் கழித்தால் அதன் புதிய திசைவேகம் வந்துவிடும். இரண்டு பொருளுக்கும் இதே வரிதான்.

வினாடிக்கு 4 மீட்டரில் போகும் 3 கிலோ வண்டி, நிற்கும் 1 கிலோ வண்டியை மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்தம் 12, மொத்த நிறை 4, ஆக மையத்தின் வேகம் 3. பெரிய வண்டிக்கு 6 − 4 = 2, சின்னதற்கு 6 − 0 = 6. உந்தமும் இயக்க ஆற்றலும் சரியாக இருக்கிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

காரணம் எளிது. நிறை மையத்தோடு சேர்ந்து நகர்ந்தபடி பார்த்தால், மீட்சி மோதலில் ஒவ்வொரு பொருளும் வந்த அதே வேகத்தில் திரும்பிப் போகிறது. குறி மட்டும் மாறுகிறது. மையத்தின் வேகமோ மோதலால் மாறுவதே இல்லை.

எதிரெதிராக வந்தால் ஒன்றுக்குக் கழித்தல் குறி போட மறக்காதீர்கள், பெரும்பாலான தவறு அங்கேதான். மோதியபின் ஒட்டிக்கொண்டால் இந்த வரி உதவாது. அப்போது மையத்தின் வேகமே விடை. கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகவோ ஒலியாகவோ வீணாகும் மோதலில் விடை இந்த இரண்டுக்கும் நடுவே விழும். சாய்வாக மோதினால், மோதும் கோட்டின் (தொடும் இடத்தில் பரப்புக்குச் செங்குத்தான கோடு) வழியே உள்ள திசைவேகக் கூறுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.