தடுப்பூசிக் குளிர்ப் பராமரிப்பில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டக் கோயில் மண்டபத்தில், உதவி அமைப்புகளோடு வெளிநாடு சென்று பணியாற்ற விரும்பும் இளம் தாதியருக்கும் தன்னார்வலர்களுக்கும் தடுப்பூசிகளைக் குளிர்நிலையில் காத்துக் கொண்டுசெல்லும் முறையைச் சொல்லித்தருகிறேன். என் தலைமுறையினர் செய்த அதே பிழைகளை இவர்களும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். வெயிலில் வைக்கக்கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

உறைய விடுவது

வெப்ப நாட்டில் வளர்ந்த நமக்குச் சூடு ஒன்றே பகையாகத் தெரிகிறது. குளிர் கூடக்கூட மருந்துக்கு நல்லது என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது. அண்மைப் பயிற்சி ஒன்றில் ஓர் இளைஞர், செம்பனைக் காட்டு வழியில் நெடுநேரம் போக வேண்டுமே என்ற அக்கறையில், உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை அப்படியே தூக்குப்பெட்டியில் அடுக்கி, நடுவில் ஹெப்பட்டைட்டிஸ் பி குப்பிகளை வைத்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது. அந்த ஐஸ் பேக் ஏறத்தாழ −20 பாகை செல்சியஸில் இருக்கும். அந்த மருந்தோ −0.5 பாகையை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும்.

ஹெப்பட்டைட்டிஸ் பி, தொண்டை அடைப்பான்–கக்குவான்–இசிவு நோய்களுக்கான முத்தடுப்பூசி, கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்பிவி போன்றவற்றில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன. மீண்டும் உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. குப்பியை மேலோட்டமாகப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஊசி போடப்படும், அட்டையில் பதிவாகும், தாய் நிம்மதியாக வீடு திரும்புவார். ஆனால் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு கிடைத்திருக்காது.

ஆகவே ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். உறைந்ததோ என்று ஐயம் எழுந்தால், அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். ஐயத்துக்குரிய குப்பியிலும் படிவு அதே வேகத்தில் இறங்கினால் அந்த மருந்தைப் பயன்படுத்தக்கூடாது.

குப்பியின் நிறங்காட்டியை மட்டும் நம்புவது

குப்பியின் மேல் இருக்கும், சூட்டில் நிறம் மாறும் அந்தச் சிறு குறி மருந்து பட்ட சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

வீட்டுக் குளிர்பெட்டியைப் பயன்படுத்துவது

வேண்டவே வேண்டாம்.

நன்கொடையைக் கேள்வி கேட்காமல் ஏற்பது

2021 டிசம்பரில் மட்டும் 100 மில்லியனுக்கும் மேற்பட்ட நன்கொடைக் கோவிட் தடுப்பூசிகளை ஏழை நாடுகள் ஏற்க மறுத்ததாக யுனிசெஃப் தெரிவித்தது. காலாவதி நெருங்கியிருந்ததே முதன்மைக் காரணம். பல நாடுகளில் அப்போது போதிய குளிர்பெட்டிகளும் இருக்கவில்லை. இதை நன்றியின்மை என்று பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது தவறு, பொறுப்புணர்வோடு எடுக்கப்பட்ட முடிவு என்றே கருதுகிறேன். மருந்து விமானம் ஏறுவதற்கு முன்பே காலாவதித் தேதியையும், பெட்டிகளின் மொத்தக் கன அளவையும், எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கிடங்கிலும் கடைசிச் சிற்றூர் மருந்தகத்திலும் இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதம் தெரிவியுங்கள்.