தக்காளிக்கு வேரிலேயே காவல்

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தக்காளிக்கு இரண்டு தொல்லை: இலைக்கடியில் வெள்ளை ஈ, காயில் புழு. கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தும் ஈ திரும்பத் திரும்ப வந்தது.

இந்தப் போகத்தில் சூடோமோனாஸ் பொடிக்கு மாறினேன். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்ற கணக்கில் நேர்த்தி செய்தேன். நட்டதும் ஏக்கருக்கு 1 கிலோ பொடியை மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில் வேரடியில் போட்டேன். இது பூச்சியை நேராகக் கொல்லும் மருந்தல்ல. வேரில் குடியேறிச் செடியை உஷார்ப்படுத்தி வைக்கும் பாக்டீரியா. பூச்சி கடித்ததும் செடி தன் எதிர்ப்பை வேகமாகக் காட்டும். அதனால் பூச்சி பெருகிய பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது.

காய்ப்புழுவுக்கு வேறு ஆள்: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாக பி.டி. புழு இதைத் தின்றால்தான் குடல் கெட்டுச் சாகும். எனவே காயைத் துளைத்து உள்ளே போகும் முன், புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். மதுரை வெயிலைச் சொல்லவா வேண்டும்! பொழுது சாய்ந்த பிறகே தெளித்தேன். தாமிர மருந்தைக் கிட்டே சேர்க்கவில்லை, அது பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

சொத்தைக்காய் நன்றாகக் குறைந்தது. வெள்ளை ஈ முழுதாகப் போகவில்லை. மஞ்சள் ஒட்டுப்பொறியும் கட்டினேன். அந்த ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் கண்ட செடிகளை மட்டும் அப்போதே பிடுங்கி எரித்துவிட்டேன்.